கூப்பிட்டால் வரும் உதவியாளரா, மைக் பட்டனா, வாய்ஸ் மெசேஜா?

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டில் மூன்று பேருக்குப் போனைக் கையால் தட்டுவது கஷ்டம். அம்மா காலையில் வாசலில் இட்லிக்கடை போடுகிறார். கை எப்போதும் மாவும் ஈரமுமாக இருக்கும். அண்ணன் எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியும் சின்ன எழுத்து தெரிவதில்லை. பேசியே வேலை வாங்க இந்த மூன்று பேருக்கும் எது உதவுகிறது என்று சில மாதங்களாகக் கூடவே இருந்து பார்த்தேன். என் கேள்வி ஒன்றுதான்: நாங்கள் வீட்டில் பேசுகிற பேச்சை எது அப்படியே ஏற்றுக்கொள்கிறது?

முதலில், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நம் பேச்சைக் கேட்டு வேலை செய்யும் உதவியாளர். ஆப்பிளின் சிரி 2011-இல் ஐபோன் 4எஸ்ஸோடு வந்தது. கூகுள் அசிஸ்டன்ட் 2016-இல் வந்தது. அதன் இடத்துக்கு இப்போது ஜெமினி வந்துகொண்டிருக்கிறது. ஜெமினி ஆப் 2024 ஜூனில் இந்தியாவில் தமிழ் உட்பட 9 இந்திய மொழிகளோடு அறிமுகமானது. ஆக, தமிழில் பேசிப் பார்க்க நினைப்பவர்களுக்குக் கூகுளின் உதவியாளர் ஒரு வசதி.

இது உண்மையாகவே கைகொடுப்பது அண்ணனுக்கு. லாரி ஓட்டும்போது போனைக் கையில் எடுத்தால் ஆபத்து மட்டுமல்ல. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி முதல் முறை பிடிபட்டால் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஸ்டாண்டில் மாட்டிவைத்து "இன்னாருக்குக் கால் பண்ணு" என்று சொன்னால் போதும். துறைமுக வாசலில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போது யார்டில் இருப்பவரோடு பேச அவருக்கு இதுதான் வழி. ஆனால் பெயரில் ஒரு சிக்கல் வந்தது. அவர் போனில் மணி என்று நான்கு பேர். "மணிக்கு போன் போடு" என்றால் சில சமயம் அது நேரம் சொல்ல ஆரம்பித்தது! அப்புறம் உட்கார்ந்து ஒவ்வொரு பெயரையும் வாயால் சொல்கிற மாதிரியே தமிழில் சேமித்தோம்: 'யார்டு மணி', 'டயர்கடை மணி'. அதன் பிறகு தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இடத்தின் பெயர்கள் இன்னும் கஷ்டம். எங்கள் பக்கம் வழி சொன்னால் 'அகஸ்தியா தாண்டி லெஃப்ட்' என்போம். தியேட்டர் மூடிவிட்டாலும் ஊர் வாயில் அந்தப் பெயர் நிற்கிறது. கல்மண்டபம், மின்ட் மணிக்கூண்டு என்றால் மேப் புரிந்துகொள்ளும். அதற்குள் இருக்கும் சந்துக்கு நாம் வைத்த பெயர் அதற்குத் தெரியாது.

அம்மாவிடம்தான் எனக்கு மனசு கஷ்டமானது. "நாலரைக்கு எயுப்பி வுடு, மாவு எடுத்துக்கினு போணும்" என்று சொல்லிவிட்டு நம்பிப் படுத்தார். அலாரம் அடிக்கவில்லை. மறுநாள் நான் சொல்லிக்கொடுத்தபடி, "காலை நாலு முப்பதுக்கு அலாரம் வை" என்று செய்தி வாசிப்பவர் போல நிறுத்தி நிதானமாகச் சொன்னார், வேலை நடந்தது. ஐம்பது வருஷமாக இந்த ஊரில் பேசுகிற பேச்சு அது. அதை ஒரு போனுக்காக மாற்றிக்கொள்ளும்போது அவர் குரலில் வந்த தயக்கத்தை நான் கவனித்தேன். கூச்சப்பட வேண்டியவர் அம்மா இல்லை. தமிழ் தெரியும் என்று சொல்லி வருகிற எந்தக் கருவியும் வடசென்னைத் தமிழையும் கற்றுக்கொண்டு வரவேண்டும்.

இன்னொன்று, நெட். 'ஹே கூகுள்' மாதிரி நாம் கூப்பிடும் பெயரைப் போனே கண்டுபிடித்துவிடும். அதன் பிறகு சொல்வதில் பெரும்பகுதி நெட் வழியாக அந்த நிறுவனத்தின் கணினிக்குப் போய்த்தான் பதில் வரவேண்டும். சிக்னல் குறையும் இடத்தில் அண்ணன் இரண்டு மூன்று முறை சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்தது கீபோர்டில் இருக்கும் மைக் பட்டன். கூகுள் கீபோர்டில் தமிழில் பேசி எழுதும் வசதி 2017 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. உதவியாளரைவிட எனக்கு இதில் நம்பிக்கை அதிகம். காரணம், அது என்ன கேட்டது என்பது அனுப்புவதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிகிறது. ஒருமுறை மளிகைக்கடைக்கு அம்மா 'உளுந்து ஒன்றரை கிலோ' என்று சொன்னது 'ஒன்று' என்று விழுந்தது. பார்த்ததால் திருத்தி அனுப்பினோம். யூடியூபில் தேடுவதற்கும் இதே மைக்தான் சுலபம். பழைய பாட்டின் முதல் வரியைப் பாடாமல் சொன்னாலே போதும். ஆனால் படித்துப் பார்க்கக் கண் வேண்டுமே. அப்பாவுக்கு இது பயன்படவில்லை.

மூன்றாவது, வாட்ஸ்அப்பில் 2013-இலிருந்து இருக்கும் வாய்ஸ் மெசேஜ். இதைப் போட்டியில் சேர்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள், ஏனென்றால் இங்கே போன் எதையும் புரிந்துகொள்வதில்லை, சுமந்துகொண்டு போவதோடு சரி. ஆனால் எங்கள் வீட்டில் அதிகம் ஓடுவது இதுதான். கேட்பவர் மனிதர் என்பதால் 'கீது', 'வந்துக்கினு' எல்லாம் அப்படியே போய்ச் சேர்கிறது. அம்மா கோபமாக இருக்கிறாரா, களைப்பா என்பதும் சேர்ந்தே போகிறது. அப்பா ராயபுரத்தில் இருக்கும் அத்தையோடு நாள் முழுக்க இப்படித்தான் பேசிக்கொள்கிறார்.

குறை இல்லாமல் இல்லை. கூட்டம் நிற்கும் நேரத்தில் கடைக்காரர் "எழுதி அனுப்புங்கம்மா" என்கிறார், நியாயம்தான். மூன்று நிமிஷச் செய்தியில் ஒரு விலையைத் தேட முழுதும் கேட்க வேண்டும். 2021-இல் வந்த 1.5, 2 மடங்கு வேகம் கொஞ்சம் உதவுகிறது. அதனால் கணக்கும் அளவும் முகவரியும் மைக்கில் எழுத்தாகப் போகட்டும்; மற்றது எல்லாம் குரலிலேயே போகட்டும். ஓட்டும்போது மட்டும் உதவியாளர். எங்கள் வீட்டில் இப்படித்தான் பிரித்துக்கொண்டோம்.

பணம் விஷயத்தில் மூன்றையுமே ஒதுக்கிவைத்திருக்கிறோம். யுபிஐ பின்னை வாய்விட்டுச் சொல்லும் பழக்கமே வரக்கூடாது. வீட்டில் இருக்கும்போது பெயர் சொல்லிக் கூப்பிடும் வசதியை அணைத்துவிடுகிறேன். உதவியாளர்களில் பதிவான பேச்சில் கொஞ்சத்தை ஒப்பந்த ஊழியர்கள் கேட்டது 2019-இல் வெளியே வந்தது, ஆப்பிள் மன்னிப்பும் கேட்டது. அதற்குப் பிறகு அனுமதி கேட்கும் முறைகள் வந்தன. இருந்தாலும் தேவைப்படும்போது பட்டனை அழுத்திக் கூப்பிடுவது எனக்கு நிம்மதி.

அப்பா தனியாக இருக்கும் நேரத்துக்கு நான் குரலை நம்பவில்லை. மூச்சு வாங்கும்போது யாரால் தெளிவாகப் பேச முடியும்? பல ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பட்டனை வேகமாக 5 முறை அழுத்தினால் அவசர அழைப்பு போகும்படி வைக்கலாம்; நாட்டின் பொது அவசர எண் 112. அவர் போனில் இதை வைத்துவிட்டு, எண்ணி அழுத்தும் இடம் வரை விரலைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டே இப்போது அவருக்குப் பட்டன் கிடைக்கிறது.