நிறுவனத்தின் ஆய்வுக் கணக்கு: ஸ்கோபஸா, ஓப்பன்அலெக்ஸா?

எங்கள் நிறுவனத்தின் ஐந்தாண்டு ஆய்வுக் கட்டுரைகளையும் அவற்றுக்குக் கிடைத்த மேற்கோள்களையும் (பிறர் கட்டுரைகள் அவற்றை எத்தனை தடவை சுட்டின என்பதை) தொகுக்கும் வேலை போன வருடம் என் தலையில் விழுந்தது. இதற்கான நான்கு தரவுத்தளங்களைப் புரட்டிவிட்டு ஓப்பன்அலெக்ஸ் பக்கம் சாய்ந்தேன், அதனால் இதில் கொஞ்சம் சார்பு இருக்கும்.

கூகுள் ஸ்காலர் தனி ஆளுக்கு அருமை. நிறுவனத்தைத் தேடினாலோ ஆட்களின் பட்டியல்தான் வரும். அவர்கள் கணக்கையெல்லாம் கூட்டினால் இரண்டு பேர் சேர்ந்து எழுதிய கட்டுரை இரண்டு தடவை விழும். அதோடு அதை விட்டுவிட்டேன். வெப் ஆஃப் சயின்ஸ், யூஜின் கார்ஃபீல்ட் 1964-ல் கொண்டுவந்த சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ் என்ற மேற்கோள் அட்டவணையின் வாரிசு, இதழ்களைச் சேர்ப்பதில் கறார். சோதனைக் காலத்தில் மட்டுமே தொட்டேன் என்பதால் பெரிதாகத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், ஆனால் எங்கள் கலைப்புலத் துறைகள் அதில் ரொம்பவே இளைத்துத் தெரிந்தன.

மிச்சம் இரண்டு. ஸ்கோபஸ் எல்செவியருடையது, 2004 முதல் இருக்கிறது, சந்தா கட்ட வேண்டும். மைக்ரோசாஃப்ட்டின் கல்வித் தரவுத்தளம் 2021 முடிவில் நின்றுபோனதும் அந்த இடத்துக்கு 2022 ஜனவரியில் வந்தது ஓப்பன்அலெக்ஸ். அதன் தரவை யாரும் எடுத்துக்கொள்ளலாம், மறுபடி வெளியிடலாம். குப்பை அதிகம் என்பார்கள், உண்மைதான்.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது விலையும் இல்லை, குப்பையும் இல்லை. நிறுவனத்தின் பெயர்! ஒருவர் முழுப்பெயர் எழுதுவார், ஒருவர் சுருக்கெழுத்து, ஒருவர் பெயர் மாற்றத்துக்கு முந்தைய பழைய பெயர், இன்னொருவர் துறையையும் ஊரையும் மட்டும் போட்டுவிட்டு நிறுவனத்தையே மறந்துவிடுவார். இதைச் சரிசெய்யாமல் எந்த அளவுகோலைப் போட்டாலும் ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிக்கிற கதைதான். ஸ்கோபஸ் நிறுவனத்துக்கு ஓர் எண் கொடுத்து வேறுவேறு எழுத்து வடிவங்களை அதன்கீழ் சேர்க்கிறது. சேர்த்தவரைக்கும் சுத்தமாகவே இருந்தது. சேராமல் நின்ற பழைய பெயரை இணைக்கச் சொல்லி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். ஓப்பன்அலெக்ஸில் இயந்திரம்தான் பொருத்துகிறது, தவறும் கூடுதல். எங்கள் பெயரைப் போலவே பெயர் கொண்ட வேறொரு நிறுவனத்தின் கட்டுரைகள் எங்களிடம் வந்து உட்கார்ந்திருந்தன. இருந்தாலும் ஒவ்வொரு கட்டுரையிலும் ஆசிரியர் கொடுத்த முகவரி வரி அப்படியே கிடைக்கிறது. எல்லா வரிகளையும் எக்செல்லில் கொட்டி, அகரவரிசைப்படுத்தி, நம்முடையது எது, வழிதவறி வந்தது எது என்று ஒரே மதியத்தில் பிரித்துவிட்டேன். அப்புறம் அந்தப் பட்டியலைத் துறைத் தலைவர்களுக்கு அனுப்பி, விட்டுப்போனதைச் சொல்லுங்கள் என்றேன். யாரும் சந்தாவோ கடவுச்சொல்லோ கேட்கவில்லை, சுட்டியைத் திறந்து பார்த்தார்கள், அவ்வளவுதான்.

சராசரி மேற்கோளை மட்டும் நம்பி உட்காராதீர்கள், அது எந்தத் தளமானாலும் சரி. நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகம் மேற்கோள்களை வைத்துப் போடும் லைடன் தரவரிசையின் 2011-12 பதிப்பில் ஜெர்மனியின் கட்டிங்கன் பல்கலைக்கழகம் சராசரிப்படி 2-ஆம் இடம், அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட முதல் 10 சதவீதக் கட்டுரைகளின் பங்குப்படி 238-ஆம் இடம். காரணம், படிகவியல் மென்பொருள் பற்றி 2008-ல் வந்து, மேற்கோள்களை அள்ளி, சராசரியைத் தூக்கிவிட்ட ஒரே ஒரு கட்டுரை! கூட்டுக் கட்டுரைகளும் அப்படித்தான். ஹிக்ஸ் துகளின் நிறை பற்றிய 2015 கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். அதில் ஒருவர் உங்களவர் என்றால் முழுக் கட்டுரையாக எண்ணுவதா, பங்கு போடுவதா என்று முன்கூட்டியே முடிவு செய்து அறிக்கையில் எழுதிவிடுங்கள்.

க்யூஎஸ், டைம்ஸ் என்ற உலகப் பல்கலைக்கழகத் தரவரிசைகளுக்காகத்தான் இந்த வேலை என்றால் ஸ்கோபஸை விட்டால் வழியில்லை, இரண்டும் அதிலிருந்துதான் எடுக்கின்றன. மற்றபடி காற்று மெல்லத் திரும்புகிறது: சோர்போன் பல்கலைக்கழகம் 2024-ல் வெப் ஆஃப் சயின்ஸ் சந்தாவை நிறுத்திவிட்டு ஓப்பன்அலெக்ஸுக்கு மாறியது, லைடன் தரவரிசையும் அதே வருடம் ஓப்பன்அலெக்ஸை வைத்து ஒரு திறந்த பதிப்பு போட்டது.

பராமரிப்பு என்று பார்த்தால், இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை புதிதாக வந்த முகவரி வரிகளை மட்டும் பார்க்கிறேன். போன தடவை ஒருவர் எங்கள் பெயரிலேயே ஓர் எழுத்தை விழுங்கியிருந்தார். அந்தப் பிழையும் இப்போது என் பட்டியலில் ஒரு வரி.