டவரா, ஆப்பா: பட்டாளத்துக்காரரின் போனில் எது பெரிய ஆபத்து?

பெங்களூரு அல்சூரில் இந்திய ராணுவப் பொறியாளர் படைப்பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸின் மையம் இருப்பதால், அந்தப் பக்கத்துத் தமிழ் வீடுகளுக்குப் பட்டாளத்துப் பேச்சு புதிதில்லை. "லொகேஷனை அணைச்சாச்சு, அப்புறம் என்னண்ணே?" என்று கேட்கும் தம்பிகளுக்குப் பதில்: அது பாதிப் பாதுகாப்புதான்.

டவரோடு பேசும் ரேடியோ அலைக்கு ஜிபிஎஸ் வேண்டியதில்லை. பையில் சும்மா கிடந்தாலும் போன் அவ்வப்போது அலை அனுப்பும். அது வரும் திசையை எதிரி இரண்டு மூன்று இடங்களிலிருந்து அளந்தால், கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஆள் இருப்பார். கணிப்பு கொஞ்சம் விலகலாம். ஆனால் நூற்றுக்கணக்கான போன்கள் ஒரே கட்டடத்தில் கூடிவிட்டால் அந்த விலகல் யாரையும் காப்பாற்றாது. 2023 புத்தாண்டு இரவில் உக்ரைனின் மாகீவ்காவில் ரஷ்ய வீரர்கள் தங்கியிருந்த கட்டடம் தாக்கப்பட்டது. 89 பேர் இறந்ததாகச் சொன்ன ரஷ்ய ராணுவம், வீரர்களின் செல்போன்கள் மேல் பழியைப் போட்டது. அத்தனை பேரை ஒரே கூரையின் கீழ் தங்கவைத்தது யார் என்பது வேறு கேள்வி!

ஆப் மெதுவாகக் காட்டிக்கொடுக்கும், ஆனால் எதிரிக்குச் செலவே இல்லை. ஓட்டத்தைப் பதிவுசெய்யும் ஆப்பான ஸ்ட்ராவா 2017இல் வெளியிட்ட ஓட்டப்பாதை வரைபடத்தில் ஆப்கானிஸ்தான், சிரியா முகாம்களின் வடிவமே ஒளிர்ந்தது. ஏரோபிளேன் மோட் அலையை நிறுத்தும். ஆனால் ஓடிய பாதையைப் போன் சேமித்துவைத்து, இணையம் வந்ததும் அனுப்பிவிடும்.

என் கணக்கில், போர்முனையில் டவர் அலைதான் உயிருக்கு எமன். அங்கே போனே கூடாது. முகாமில் ஆப்தான் தொல்லை. அதன் லொகேஷன் அனுமதியை எடுத்துவிடலாம்.