காதில் என்ன பஞ்சா? ஐம்பது ஜோடி இயர்பிளக்கும் சட்டக் கல்லூரியில் ஒரு பருவமும்

பெட்டியின் மேல் ‘முழு அமைதிக்கு உத்தரவாதம்’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். அதற்குக் கீழே பொடி எழுத்தில் ‘என்ஆர்ஆர் 33 டெசிபல்’, அதாவது சத்தத்தை எவ்வளவு குறைக்கும் என்கிற மதிப்பீடு. உள்ளே ஐம்பது ஜோடி ஃபோம் இயர்பிளக், கண்ணைக் குத்தும் ஆரஞ்சு நிறம். சட்டக் கல்லூரியில் சேர்ந்த மூன்றாம் நாள் இரவு இரண்டரை மணிக்குப் படுக்கையில் உட்கார்ந்தபடியே ஆர்டர் போட்டது. இப்போது முதல் பருவம் முடிந்துவிட்டது, பெட்டியில் பதினொரு ஜோடி மிச்சம். ஒரு பொருளைப் பற்றிக் கருத்துச் சொல்ல இந்த அளவு அனுபவம் போதும் என்று நினைக்கிறேன். பிராண்டின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். அவதூறு பற்றிய பாடம் எங்களுக்கு அடுத்த பருவத்தில்தான்.

முதலில் அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்தாவது மாடி. ஜன்னலுக்கு நேர் கீழே சிக்னல், சிக்னலை ஒட்டி பஸ் நிறுத்தம். பஸ் வந்து நின்றதும் பிரேக் காற்றை விடும் ‘புஸ்ஸ்’, நள்ளிரவுக்கு மேல் பின்னால் எடுக்கும் லாரியின் ‘பீப் பீப்’, விடிவதற்குள் ஒரு தடவையாவது ஆம்புலன்ஸ். போதாததற்கு மேல்வீட்டில் ஒருவர் தினமும் பதினொன்றே முக்காலுக்கு நாற்காலியை இழுப்பார். யாரென்று இதுவரை பார்த்ததில்லை. படிக்கட்டில் எதிரே வருகிற ஒவ்வொருவரையும் இவராக இருக்குமோ என்று சந்தேகமாகப் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறேன். பெரிய நகரத்துக்குப் போகிறாய், வாடகை கையைக் கடிக்கும், வழி தவறும், கூட்டத்தில் பையைப் பத்திரமாக வைத்துக்கொள் என்று ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். சத்தத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் மூச்சுவிடவில்லை.

தூக்கம் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். படிக்க முடியாததுதான் பெரிய பிரச்சினை. பழைய தீர்ப்புகளையே சட்டமாகப் பின்பற்றும் பொதுச் சட்ட மரபில் படிக்கிறவர்களுக்கு முதல் மாதத்தில் கையில் கொடுப்பது பாடப்புத்தகத்தைவிடத் தீர்ப்புகள்தான். நூறு வருடத்துக்கு முந்தைய நீதிபதி ஒரு வாக்கியத்தை எட்டு வரிக்கு ஓட்டுவார். நடுவில் இரண்டு ‘ஆயினும்’, ஒரு ‘எனினும்’, ஒரு அடைப்புக்குறி. ஆறாவது வரியில் கீழே லாரி பின்னால் எடுத்தால் அவ்வளவுதான், மறுபடி முதல் வரி. முதல் வாரத்தில் நான்கு பக்கத் தீர்ப்பு ஒன்றைப் படிக்க எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. முடித்த பிறகு யார் மேல்முறையீடு செய்தவர், யார் எதிர்த்தரப்பு என்பதே குழம்பிப்போயிருந்தது.

பெட்டி வந்த அன்று ஆவலாக ஒரு ஜோடியை எடுத்துக் காதில் வைத்து அழுத்தினேன். பாட்டிலுக்குத் தக்கை வைப்பதுபோல. இரண்டு நிமிடத்தில் வலது பக்கம் வெளியே வந்து தலையணையில் விழுந்தது. இடது பக்கம் நின்றது, ஆனால் பஸ் சத்தம் அப்படியே கேட்டது. ஒரு வாரம் இப்படியே போனது. காசு தண்டம் என்று திட்டிக்கொண்டே பெட்டியை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

அறைத்தோழி நர்சிங் படிக்கிறாள். பெட்டியை அவள்தான் வெளியே இழுத்தாள். “எங்க, வை பாப்போம்” என்றாள். வைத்துக் காட்டினேன். “இது காதுக்கு வெளியில தொங்குதுடி. கம்மலா இது?” என்று கேட்டுவிட்டு, பாடம் எடுக்க ஆரம்பித்தாள். அவள் சொன்னதைத்தான் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த துண்டுச் சீட்டிலும் அச்சடித்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

கையைக் கழுவித் துடைத்துக்கொள்ள வேண்டும். ஃபோமை விரல் நுனிகளுக்கு நடுவே வைத்து, திரி திரிப்பதுபோல உருட்ட வேண்டும். நசுக்கக் கூடாது, உருட்ட வேண்டும். மடிப்பு விழுந்தால் அந்த மடிப்பு வழியாகவே சத்தம் உள்ளே போய்விடும். தீக்குச்சி அளவுக்குச் சன்னமானதும், எதிர்க்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலேயும் பின்னேயும் இழுக்க வேண்டும். காதுக் குழல் வளைந்திருப்பதால் இப்படி இழுத்தால்தான் நேராகும். சட்டென்று உள்ளே செலுத்திவிட்டு, விரலை எடுக்காமல் அரை நிமிடம் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த அரை நிமிடம்தான் இந்தப் பொருளின் அழகே. ஃபோம் மெல்ல விரிவது சருமத்தில் தெரியும். முதலில் தெருவின் கூர்மையான ஓசைகள் போகும், அப்புறம் பேச்சுக்குரல், அப்புறம் மின்விசிறி. கடைசியில் பக்கத்து அறையில் யாரோ கதவை மூடிவிட்டதுபோல ஒரு ‘டப்’. எச்சில் விழுங்கும் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது.

எடுக்கும்போது வெடுக்கென்று பிடுங்காதீர்கள். லேசாகத் திருகி, காற்றை உள்ளே விட்டபடி மெதுவாக எடுக்க வேண்டும். அழுக்கானதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஃபோமைச் சோப்புப் போட்டு அலசிப் பார்த்தேன். முன்போல விரியவில்லை, மூன்று ஜோடி வீண்.

அன்று ராத்திரி படித்தது கார்லில் வழக்கு. ஒப்பந்தச் சட்டம் படித்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். 1891-இல் லண்டனில் ஒரு நிறுவனம் கார்பாலிக் ஸ்மோக் பால் என்று ஒரு ரப்பர் உருண்டையை விற்றது. அதற்குள் கார்பாலிக் அமிலப் பொடி, மூக்கில் வைத்து இழுக்க ஒரு குழாய். அச்சிட்ட வழிமுறைப்படி தினம் மூன்று வேளை, இரண்டு வாரம் பயன்படுத்தியும் ஃப்ளூ வந்தால் 100 பவுண்டு தருகிறோம் என்று பத்திரிகையில் விளம்பரம். எங்கள் பேச்சு விளையாட்டில்லை என்று காட்ட, 1000 பவுண்டை வங்கியில் போட்டிருக்கிறோம் என்றும் அதிலேயே சொன்னார்கள். திருமதி கார்லில் வாங்கினார், நவம்பர் 20-இல் தொடங்கி நாள் தவறாமல் இழுத்தார், 1892 ஜனவரி 17-இல் ஃப்ளூவில் படுத்தார். பணம் கேட்டபோது, அது வெறும் விளம்பர ஜம்பம், யாரிடமும் நாங்கள் ஒப்பந்தம் போடவில்லை என்றது நிறுவனம். மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகளும் திருமதி கார்லில் பக்கமே நின்றார்கள். வங்கியில் போட்ட அந்த ஆயிரம் பவுண்டே, விளம்பரம் ஜம்பம் இல்லை என்பதற்குச் சான்றாகிவிட்டது.

ஒரே மூச்சில் படித்தேன். சங்கதிகள், எழுவினா (நீதிமன்றம் தீர்க்க வேண்டிய கேள்வி), தீர்ப்பு, காரணம் என்று கேஸ் பிரீஃப், அதாவது வழக்குச் சுருக்கம், எழுதி முடித்தபோது மணி பதினொன்று ஐம்பது. நாற்காலி இழுபட்டிருக்க வேண்டும். எனக்குக் கேட்கவில்லை.

அப்படியே தூங்கியும்விட்டேன். காலையில் அலாரமும் கேட்கவில்லை.

இந்த ஆபத்தைப் பெட்டியில் எங்கேயும் எழுதவில்லை. ஃபோம் எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவில் குறைப்பதில்லை. உயர்ந்த ஸ்தாயி ஓசைகளைத்தான் அதிகம் விழுங்கும், பஸ் எஞ்சினின் அடிவயிற்று உறுமல் கொஞ்சம் மிஞ்சும். போன் அலாரம் உயர்ந்த ஸ்தாயி. மூன்று முறை அடித்து ஓய்ந்திருக்கிறது. வகுப்பு தொடங்கி இருபது நிமிடம் கழித்துப் பின்வாசல் வழியாகப் பூனை மாதிரி நுழைந்தேன். மேடம் பார்த்துவிட்டார்.

“ஏன் தாமதம்?” என்று கேட்டார். பொய் எதுவும் தோன்றாததால் உண்மையைச் சொன்னேன். வகுப்பே சிரித்தது, அவர் சிரிக்கவில்லை. “பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது?” என்றார். சொன்னேன். சாக்பீஸை எடுத்து ‘முழு அமைதிக்கு உத்தரவாதம்’ என்று பலகையில் எழுதிவிட்டு, “சரி, கார்லில் படித்துவிட்டு வந்தீர்களா? இது வாக்குறுதியா, ஜம்பமா?”

ஜம்பம் என்றேன். பணம் எதுவும் டெபாசிட் செய்யவில்லை, அமைதி கிடைக்காவிட்டால் இன்னது தருகிறோம் என்றும் சொல்லவில்லை. “அப்படியானால் 33 டெசிபல்?” என்றார். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அது அளந்து பார்க்கக்கூடிய ஓர் எண். ஜம்பம் என்று எளிதாகத் தள்ள முடியாது. வகுப்பு இரண்டாகப் பிரிந்து பத்து நிமிடம் வாதாடியது. கடைசியில் மேடம் என்னிடம் திரும்பி, “நீங்கள் அச்சிட்ட வழிமுறைப்படி பயன்படுத்தினீர்களா?” என்று கேட்டார். முதல் வாரம் இல்லை என்றேன். “அப்போது முதல் வாரத்துக்கு உங்களுக்கு வழக்கே இல்லை. உட்காருங்கள்.” இப்போது அவரும் சிரித்தார்.

அதற்குப் பிறகு அந்த எண்ணைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். 33 என்பது ஆய்வுக்கூடத்தில் அளந்தது. நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது என்பதால் அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா, வழக்கமான டெசிபல்-ஏ (காது கேட்கும் விதத்துக்கு ஏற்பத் திருத்திய) அளவீட்டுக்கு அந்த எண்ணிலிருந்து 7-ஐக் கழித்து, மீதியையும் பாதியாக்கிப் பார்க்கும்படி பரிந்துரைக்கிறது. கணக்குப் போட்டால் 13 வருகிறது. பத்து டெசிபல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் ஏறக்குறையப் பாதியானதாகத் தோன்றும் என்பதால், 13-ஐயும் குறை சொல்ல முடியாது. முழு அமைதி என்பதோ எந்த இயர்பிளக்காலும் ஆகாது. காதை எவ்வளவு இறுக்கி அடைத்தாலும் மண்டையோட்டு எலும்பு வழியாகக் கொஞ்சம் சத்தம் உள்காதுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். ஆக, மேல் வரி நடக்கவே நடக்காத விஷயம், கீழ் வரி நிபந்தனைக்கு உட்பட்டது. இதற்குத்தான் ஐந்துக்கு ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன். பொருளுக்கு நான்கு, பெட்டிக்கு இரண்டு.

நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் வாங்கலாமே என்று கேட்பீர்கள். வகுப்புத் தோழன் ஒருவனிடம் ஒரு வாரம் இரவல் வாங்கிப் பார்த்தேன். வெளிச் சத்தத்தை மைக் பிடித்து, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே விட்டு அடக்குகிற வேலை அது. பஸ், ரயில், ஏசி மாதிரி ஒரே சீராக உறுமுகிற சத்தங்களுக்கு அபாரம். பேச்சுக்குரல் மட்டும் வடிகட்டி வருகிறது. தொலைவில் யாரோ என் பெயரைச் சொல்வதுபோல ஒரு பிரமை. நூலகத்தில் அது எனக்கு ஒத்துவரவில்லை. அதோடு, அதைப் போட்டுக்கொண்டு ஒருக்களித்துப் படுக்க முடியாது. மெட்ரோ பயணத்துக்கு அது, படுக்கைக்கும் நூலகத்துக்கும் இது.

இனி சொல்வது ஓபிடர், அதாவது தீர்ப்புக்குத் தேவையில்லாமல் நீதிபதி சொல்லிவைப்பது. இந்தத் துன்பம் நமக்கு மட்டும் வந்ததில்லை. 1907-இல் மாக்ஸ் நெக்வர் என்ற பெர்லின் மருந்தாளுநர், பஞ்சும் மெழுகும் கலந்த காதடைப்பானை உருவாக்கினார். ஓரோபாக்ஸ் என்று பெயர், இன்றும் விற்கிறது. 1906-இல் பிராக் நகரில் சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கிக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருவர், 1915-இல் சத்தம் தாங்காமல் பெர்லினிலிருந்து அதை வரவழைத்தார். அவர் பெயர் காஃப்கா, பின்னாளில் உலகப் புகழ்பெற்ற எழுத்தாளர். சட்டம் படித்து, நகரத்துச் சத்தத்தில் தூங்க முடியாமல் காதை அடைத்துக்கொண்டவர்களின் வரிசை நீளம்தான் போல.

அலாரத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். போனை வைப்ரேஷனில் போட்டுத் தலையணை உறைக்குள் செருகிவிடுகிறேன், எலும்பு வழியாக வந்து எழுப்பிவிடுகிறது. அறையில் தனியாக இருக்கும் இரவுகளில் ஒரு காதுக்கு மட்டும்தான் வைக்கிறேன். கட்டடத்தில் தீ எச்சரிக்கை மணி அடித்தால் கேட்க வேண்டும். தெருவில் நடக்கும்போது கண்டிப்பாகக் கூடாது. தேர்வுக்கு முந்தைய வாரம் எடுக்க மறந்து அப்படியே இறங்கிச் சாலையைக் கடந்திருக்கிறேன். பக்கவாட்டில் ஒரு சைக்கிள் உரசிக்கொண்டு போனது. அந்த ஆள் மணி அடித்தாராம். அவர் திட்டியதும்கூட எனக்குப் பாதிதான் கேட்டது, வாயசைவை வைத்து மீதியைப் புரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா ஏழு தடவை அழைத்திருக்கிறார். எட்டாவது அழைப்பை எடுத்ததும், “எத்தனை தடவ கூப்பிடறது? காதுல என்ன பஞ்சா வச்சிருக்க?” என்றார். பஞ்சு இல்லம்மா, ஃபோம் என்றேன். அதை விளக்கி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. சாயங்காலம் ஆனால் ஜன்னலைத் திறந்துவைத்து, காதில் எதுவும் இல்லாமல் கொஞ்ச நேரம் உட்காருவாயா என்று கேட்டார். பெரும்பாலும் இல்லை என்றேன். அடுத்த நாள் உட்கார்ந்து பார்த்தேன். ஆறு மணிக்கு மேல் எதிர்க் கட்டடத்தில் ஒரு பையன் வயலின் பழகுகிறான். ஒரே வரியைத்தான் திரும்பத் திரும்ப வாசிக்கிறான், ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் பிசகுகிறான். ஒரு பருவம் முழுக்க வாசித்திருப்பான் போலிருக்கிறது, எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காதுக் குழல் சின்னதாக இருப்பவர்களுக்கு வழக்கமான அளவு வலிக்கும், சிறிய அளவு தனியாக விற்கிறார்கள், அதைப் பாருங்கள். காதில் சீழோ வலியோ இருந்தால் தொடவே தொடாதீர்கள். தினமும் வைப்பவர்களுக்குக் குறும்பி உள்ளே தள்ளப்பட்டுக் கெட்டியாகலாம் என்று தோழி எச்சரித்திருக்கிறாள், ஆகவே வாரத்தில் இரண்டு இரவு விடுமுறை விடுகிறேன்.

அடுத்த பெட்டிக்கு ஆர்டர் போட்டாயிற்று, இந்த முறை நூறு ஜோடி. பாதி தோழிக்கு. பகலில் தூங்கி இரவு டியூட்டிக்குப் போகிறாள், என் கீபோர்டு சத்தம் அவளுக்கு லாரி மாதிரி இருக்கிறதாம். மேல்வீட்டு நாற்காலி நேற்று பன்னிரண்டே காலுக்குத்தான் இழுபட்டது.