ஹில்டெஸ்ஹைம் சந்தைச் சதுக்கத்தில் இரண்டு முறை கட்டிய வீடு

ஹானோவரிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். ஹில்டெஸ்ஹைம் நிலையத்தில் இறங்கி, ஜெர்மனியின் எந்த ஊரிலும் இருக்கக்கூடிய ஒரு கடைவீதி வழியே நடந்தால் சட்டென்று சந்தைச் சதுக்கம் விரிகிறது. காலையிலேயே போய்விடுங்கள். நான் சொல்லப்போகும் வீடு சதுக்கத்தின் மேற்குப் பக்கத்தில் கிழக்கு பார்த்து நிற்கிறது. முகப்பின் செதுக்கு வேலை காலை வெயிலில்தான் துலங்கும். பிற்பகலில் வருபவர்கள் நிழலைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

பெயர் க்னோஹன்ஹாவர் ஆம்ட்ஸ்ஹவுஸ். க்னோஹன்ஹாவர் என்றால் எலும்பு வெட்டுகிறவர், வட ஜெர்மனியில் இறைச்சிக் கடைக்காரர்களுக்கு வழங்கிய பழைய பெயர். ஆம்ட் என்பது அவர்களுடைய சங்கம். 1529-ல் அந்தச் சங்கம் தனக்கென்று எழுப்பிய வீடு இது. உயரம் 26 மீட்டர். நகரசபை மாளிகைக்கு நேர் எதிரே, அதன் கண்ணில் படும்படி, இறைச்சி வெட்டுகிறவர்கள் இவ்வளவு உயரத்துக்குக் கட்டியிருக்கிறார்கள். அந்த நெஞ்சுரமே முதலில் என்னைக் கவர்ந்தது.

என் அப்பா ஆசாரி. அதனால் எந்தக் கட்டடத்திலும் என் கண் முதலில் மரத்துக்குத்தான் போகும். இந்த வீட்டின் எலும்புக்கூடு முழுவதும் ஓக் மரம். தூண்களும் உத்திரங்களும் பாரத்தைத் தாங்குகின்றன, இடைவெளியைத்தான் சுவர் அடைக்கிறது. ஒவ்வொரு மாடியும் கீழ் மாடியைவிட ஒரு கை நீளம் முன்னால் தள்ளி நிற்கிறது. அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் வீடு குனிந்து நம்மைப் பார்ப்பது போல் இருக்கும். வெளியே நீளும் உத்திரங்களைத் தாங்கும் முட்டுக்கட்டைகளிலெல்லாம் செதுக்கு வேலை. அவற்றுக்கு நடுவே சாய்வாகப் பொருத்திய பலகைகளில் வண்ண ஓவியங்கள். சில பலகைகளில் இன்றைய ஓவியர்கள் புதிதாக வரைந்திருக்கிறார்கள். பழைய படங்களையே திரும்ப வரைந்திருக்கலாம் என்று முதலில் தோன்றியது. இரண்டாவது சுற்றில் அந்த எண்ணம் போய்விட்டது.

இப்போது முக்கியமான விஷயம். நான் கொண்டுபோன கைநூல் ஒன்று '1529-ல் கட்டியது' என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. எனக்குக் கோபமே வந்தது. இந்த வீட்டின் கதையில் பெரிய பகுதியே அதற்குப் பிறகுதான் நடந்தது.

1884-ல் ஒரு தீ. அதைப் பழுது பார்த்துவிட்டார்கள். 1945 மார்ச் 22 அன்று பிரிட்டிஷ், கனடிய விமானங்கள் ஹில்டெஸ்ஹைம் மீது குண்டு வீசின. மரவீடுகள் நெருங்கி நின்ற பழைய நகரம் எரிந்துபோனது. இந்த வீடும் போனது. ஏப்ரல் 7-ஆம் தேதி அமெரிக்கப் படைகள் ஊருக்குள் வந்துவிட்டன. நடுவில் பதினாறே நாட்கள். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது சதுக்கத்தின் நடுவில் அப்படியே நின்றுவிட்டேன்.

1960-களில் அந்த இடத்தில் கான்கிரீட் ஹோட்டல் ஒன்று வந்தது. அந்த வெற்றிடம் ஊர்க்காரர்களின் மனதைவிட்டு அகலவில்லை. கடைசியில் ஹோட்டலை இடித்துவிட்டு, பழைய வரைபடங்களையும் புகைப்படங்களையும் வைத்துக்கொண்டு, 1987 முதல் 1989 வரை மறுபடியும் ஓக் மரத்திலேயே எழுப்பினார்கள். சதுக்கத்து பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மூதாட்டி ஒருவர், அந்த ஹோட்டலில் தாம் காப்பி குடித்ததுண்டு என்றார். காப்பியைப் பற்றிக் குறை ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னல் ஓரத்தில் உட்கார மட்டும் தமக்குப் பிடிக்காது என்றார்.

ஆகவே, பழைய வீட்டைப் பார்க்கப் போகிறேன் என்று நினைத்துப் போகாதீர்கள். இதன் மரங்களுக்கு ஐநூறு வயது இல்லை. 'அப்படியானால் இது நகல்தானே' என்று உதட்டைப் பிதுக்குபவர்களுக்கு என் பதில்: உள்ளே போய் மரத்தைப் பாருங்கள். கான்கிரீட் சுவர் எழுப்பி, மேலே பலகை ஒட்டி, பழையது போல் ஜோடித்திருந்தால் நானும் நகல் என்றே சொல்லியிருப்பேன். இங்கே கழுந்து, அதாவது ஒரு மரத்தின் முனையில் செதுக்கிய நாக்கு, அடுத்த மரத்தின் துளைக்குள் உட்கார்ந்து பாரத்தைத் தாங்குகிறது. குறுக்கே அறைந்திருப்பது மர ஆணி. இந்த வகை இணைப்பில் கழுந்திலுள்ள ஓட்டையையும் தூணிலுள்ள ஓட்டையையும் நேர்கோட்டில் போடாமல், மயிரிழை தள்ளிப் போடுவது வழக்கம். ஆணி இறங்க இறங்க, இரண்டு மரங்களையும் அது இழுத்து இறுக்கும். சிறு வயதில் இதையே அப்பாவின் பட்டறையில் மூங்கில் ஆணியோடு பார்த்திருக்கிறேன். தூண்களில் நீளவாக்கில் விரிசல்கள் தெரியும், பயந்துவிடாதீர்கள். ஓக்கைப் பச்சையாக அறுத்து நிறுத்தினால் காயும்போது அப்படித்தான் வெடிக்கும்.

கீழ்த்தளத்தில் உணவகம். நான் அங்கே சாப்பிடவில்லை, அதனால் அதைப் பற்றி எழுத மாட்டேன். மேல் தளங்களில் நகர அருங்காட்சியகம் இருக்கிறது. ஹில்டெஸ்ஹைமின் கதையை, அது எரிந்த இரவு உட்பட, அங்கே தெரிந்துகொள்ளலாம். ஆனால் டிக்கெட் வாங்கியது காட்சிப் பொருள்களுக்காக மட்டும் அல்ல, தூண்களைக் கிட்ட நின்று பார்க்கவும்தான். ஜெர்மனியில் பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை, நேரத்தைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் மாடிகளை நிதானமாக ஏறுங்கள்.

வெளியே வந்ததும் ஓடிவிட வேண்டாம். ஒட்டி நிற்கும் சின்ன வீடு ரொட்டி சுடுகிறவர்களின் சங்க வீடு. அதுவும் எரிந்து, அதே ஆண்டுகளில் திரும்பக் கட்டியது. தெற்குப் பக்கத்தில் டெம்பல்ஹவுஸ் என்ற கல் மாளிகை. அதன் முகப்பில் 1591-ல் சேர்த்த, வெளியே நீண்டு நிற்கும் ஜன்னல் கூடு ஒன்று தனியாகவே அரை மணி நேரம் கேட்கும். சதுக்கத்தின் நடுவில் உள்ள ரோலண்ட் நீரூற்றின் விளிம்பில் சாய்ந்தால் எல்லாமே ஒரே பார்வையில் அடங்கும்.

ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன். 1529-க்கு அல்ல, 1989-க்கு.

அன்று இரவு அப்பாவுக்கு ஒரு படம் அனுப்பினேன். முகப்பு அல்ல, மேல் தளத்துத் தூண் ஒன்றில் துருத்திக்கொண்டிருந்த ஓர் ஆணியின் தலை. கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. ஊர் பெயரையோ வீட்டின் வயதையோ அவர் கேட்கவில்லை. "ஆணியை எவ்வளவு வெளியே விட்டிருக்கிறார்கள்?" என்றார். ஒரு விரற்கடை இருக்கும் என்றேன். "மரம் காய்ந்த பிறகு இன்னும் அடிக்க இடம் வைத்திருக்கிறான்" என்றார் அப்பா.