மறுசுழற்சி பிளாஸ்டிக் பெஞ்சு: வேலூர் வெயிலில் மூன்று ஆண்டு

வேலூர் ஆரம்பப் பள்ளி ஒன்றின் தகரக் கூரை வகுப்பறையில் மூன்று கல்வியாண்டு உழைத்த பெஞ்சுகள் இவை. உடைந்த குடம், பக்கெட், எண்ணெய் கேன் எல்லாம் அரைத்து உருக்கி வார்த்த பலகை. கீழே சதுர இரும்புக் குழாய்ச் சட்டம். பலகை 4 அடி நீளம், 1 அடி அகலம், 25 மி.மீ. கனம். கரையான் தொடவில்லை, மழைச்சாரலில் ஊறவில்லை. சோப்புத் தண்ணீரால் துடைத்தால் போதும்.

தொல்லை தந்தது வெயில்தான். இரும்பைவிடப் பிளாஸ்டிக் பத்து மடங்குக்கு மேல் விரியும். மார்கழிக் காலையில் 20 டிகிரியில் இருக்கும் பலகை கத்திரியில் 45 டிகிரியைத் தொட்டால், 4 அடியில் 4 மி.மீ. நீளும். எல்லா முனையிலும் இறுக்கி முடுக்கிய பெஞ்சுகளில் ஜூனில் பள்ளி திறந்தபோது ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டு நின்றது. பலகை நடுவில் மேலே வளைந்திருந்தது. இதற்கு வழி எளிது. நடுவில் மட்டும் இறுக்கமான போல்ட். மற்ற இடங்களில் 6 மி.மீ. போல்ட்டுக்கு 10 மி.மீ. துளை, அகல வாஷர், தானாகக் கழலாத நைலான் நட்டு. நட்டை முழுக்க இறுக்கக் கூடாது, பலகை நகர வேண்டும். போல்ட் தலையைப் பள்ளம் வெட்டி உள்ளே இறக்காவிட்டால் பிள்ளைகளின் உடுப்பு கிழியும். விளிம்பிலிருந்து ஓர் அங்குலத்துக்குள் துளை போட்டால் பிளக்கும்.

அடுத்தது தொய்வு. இந்தப் பலகையின் விறைப்பு தேக்கில் பத்தில் ஒரு பங்குதான். 2 அடிக்கு ஒரு குறுக்குக் குழாய் வைத்த பெஞ்சுகள் கண்ணுக்குத் தெரியத் தொய்ந்தன. அடிக்கு ஒன்று வைத்தவை இன்றும் நேராக இருக்கின்றன. இரும்புச் செலவு கொஞ்சம் கூடும். அதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

வாங்கும் முன் ஒரு துண்டு வெட்டித் தரச் சொல்லுங்கள். தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் தண்ணீர் பாட்டில், பி.வி.சி. குழாய் அல்லது மணல் கலந்திருக்கும். பாட்டில் பிளாஸ்டிக் உருக 250 டிகிரிக்கு மேல் வேண்டும். குடம் 130 டிகிரியிலேயே உருகிவிடும். இரண்டையும் சேர்த்து வார்த்தால் பாட்டில் துண்டு உருகாமல் உள்ளே கிடக்கும், பலகை அந்த இடத்தில்தான் உடையும். வெட்டிய முகத்தின் நடுவில் பெரிய ஓட்டைகள் தெரிந்தாலும் வேண்டாம், அங்கே ஸ்க்ரூ பிடிக்காது. நெருப்பு வைத்துச் சோதிக்க வேண்டாம், பி.வி.சி. இருந்தால் வரும் புகை அமிலம்.

எழுதும் மேசைக்கு இந்தப் பலகையை நான் சொல்ல மாட்டேன். சொரசொரப்பில் பேனா முனை தாளைக் குத்துகிறது. மைக்கா ஒட்டலாம் என்றால் சாதாரணப் பசை எதுவும் இதில் நிற்பதில்லை.