குன்னூர்–கோத்தகிரி சாலைப் பட்டறையில் பதின்மூன்று நாள்: பழைய ஹெரால்டுக்குச் செய்த துருக்காப்பு

என்னிடம் இருப்பது சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் செய்த ஹெரால்டு மார்க் 3, 1970-ஆம் ஆண்டு வண்டி. அப்பா வாங்கி ஓட்டியது. அவருக்குப் பிறகு என் கைக்கு வந்தது. கடந்த பிப்ரவரியில் இதைக் கழுவி, மெருகேற்றி, அடிப்பாகத்துக்குத் துருக்காப்புச் செய்வதற்காக, குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் சாலையில் தேயிலைத் தோட்டத்தை ஒட்டி இருக்கும் ஒரு சிறு பட்டறையில் விட்டேன். அந்தப் பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வயதான மாஸ்டர் ஒருவரும் இரண்டு இளைஞர்களும் வேலை செய்கிறார்கள். வேலை முடிந்த மறுநாளே எழுதியிருந்தால் வண்ணத்தின் பளபளப்பைப் பற்றி மட்டும்தான் எழுதியிருப்பேன். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் கடந்து, டிசம்பர் கடைசியில் வண்டியை மறுபடி ஜாக்கியில் தூக்கி, விளக்கடித்துப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

கடற்காற்றின் உப்பு இல்லாத மலையில் வண்டி ஏன் துருப்பிடிக்கிறது என்று சமவெளி நண்பர்கள் கேட்பதுண்டு. காற்றின் ஈரப்பதம் சுமார் 60 விழுக்காட்டைத் தாண்டினாலே, மேலே தண்ணீர் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், வெற்று இரும்பு துருப்பிடிக்கத் தொடங்கிவிடும். சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரில் ஆண்டின் பெரும்பகுதி காற்று அதைவிட ஈரமாகத்தான் இருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழையே இங்கு கனமானது. இதைவிட மோசமானது காலைப் பொழுது. இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த தகடு, வெயில் ஏறிக் காற்று சூடான பிறகும் சில்லென்றே இருப்பதால், காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் பனித்துளியாகப் படிகிறது. வெளிப்புறத் துளிகளைத் துணியால் துடைத்துவிடலாம். கதவுக்குள்ளும், வண்டியைத் தாங்கும் அடிச்சட்டகமான சேசிஸின் குழாய்க்குள்ளும் படிவதைத் துடைக்க ஆளில்லை.

ஹெரால்டின் அமைப்பும் இங்கே முக்கியம். அம்பாசிடரிலும் பத்மினியிலும் உடலே சட்டகம். ஹெரால்டிலோ தனிச் சேசிஸ் உண்டு, அதன்மேல் உடற்பகுதிகளைப் போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். பானட்டும் முன்பக்க மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழும். ஆகையால் எந்தப் பகுதியையும் கழற்றிப் பார்ப்பது எளிது. ஆனால் தகடும் தகடும் சேரும் ஒவ்வோர் இடுக்கும் சேறு தங்கும் இடம். சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீண்டு உடலைத் தாங்கும் கைகளான அவுட்ரிக்கர்கள்தாம் இந்த வண்டியில் முதலில் அரிப்பவை. வெளியே வண்ணம் பொலிவாக இருக்கும்போதே அடியில் அவை அப்பளம்போல் நொறுங்கிக்கொண்டிருக்கும்.

எனக்கு இது பட்டுத் தெரிந்த பாடம். சில ஆண்டுகளுக்கு முன் சமவெளியில் ஒரு சர்வீஸ் நிலையத்தில் தார் கலந்த கறுப்பு அண்டர்கோட்டிங் அடித்துக் கொண்டுவந்தேன். வாட்டர் சர்வீஸ் செய்த ஈரம் காய்வதற்குள், ஏற்கெனவே இருந்த துருவைச் சுரண்டாமலே, அடிமுழுதும் கனமாகப் பூசிவிட்டார்கள். இரண்டு ஆண்டுகள் பார்வைக்கு மிக நேர்த்தியாக இருந்தது. தார்ப்பூச்சு நாளாக நாளாக இறுகி வெடிக்கும். வெடிப்பு வழியே உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வரும் வழி கிடையாது. குன்னூர்ப் பட்டறையில் மாஸ்டர் ஒரு ஸ்க்ரூடிரைவரால் அந்தக் கறுப்புத் தோலை நெம்பியபோது, அதன் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு என் வண்டியின் இரும்பே செதில் செதிலாக வந்தது. இடப்புற அவுட்ரிக்கரில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை. அன்று எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் ஆறவில்லை.

இந்தப் பட்டறையைப் பரிந்துரைக்க எனக்கு ஒரே ஒரு காரணம் போதும்: அவர்கள் எதையும் பூசுவதற்கு முன் வண்டியைக் காயவைக்கிறார்கள். பதின்மூன்று நாளில் கழுவுவதற்கு ஒரு நாள், காயவைப்பதற்கு மூன்று நாள். கழுவும்போதும் உயரழுத்தப் பீச்சுக்குழாயை வண்ணத்தின்மீதோ கண்ணாடி ரப்பர்மீதோ பிடிப்பதில்லை. பழைய வண்ணத்தின் விளிம்புகள் அந்த வேகத்தில் பெயர்ந்துவிடும், ரப்பரைத் தாண்டி உள்ளே போன தண்ணீரும் திரும்பாது. சாதாரணக் குழாயால் முதலில் மண்ணை இளக்கி ஓடவிட்டு, சோப்புநீருக்கு ஒரு வாளி, துணியை அலச இன்னொரு வாளி என்று தனித்தனியாக வைத்து, கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கிக் கழுவினார்கள். பாத்திரம் துலக்கும் சோப்பை அண்டவிடவில்லை. சக்கர வளைவுகளின் உள்மடிப்பில் விரலைவிட்டு, எத்தனையோ ஆண்டுகளாக அங்கே இறுகியிருந்த சிவப்பு மண்ணையும் மக்கிய சில்வர் ஓக் இலைகளையும் வழித்து எடுத்தார்கள். ஒரு சிமென்ட் சட்டி நிறைய வந்தது. மழை நின்ற பிறகும் நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைப்பது இந்த மண்தான்.

கதவுகளின் அடிவிளிம்பில் தண்ணீர் வடிவதற்கென்றே சிறு துளைகள் உண்டு. என் வண்டியில் நான்கு கதவுகளிலும் அவை அடைத்திருந்தன என்பது எனக்கே தெரியாது. துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்குச்சியால் இளைஞர் ஒருவர் ஒவ்வொன்றையும் குத்தித் திறந்தபோது, பின் இடக்கதவிலிருந்து ஒரு டம்ளர் அளவுக்குத் துருநிறத் தண்ணீர் வடிந்தது. பிறகு கதவுகளின் உள்பலகை, தரைவிரிப்பு, டிக்கியின் அடிப்பலகை அனைத்தையும் கழற்றி, காற்றுக் கம்பரசரால் ஒவ்வோர் இடுக்கையும் ஊதி, மூன்று நாளும் காலை பத்தரை மணிக்கு மேல் வெயிலில் தள்ளி நிறுத்தி, மேகம் இறங்குவதற்கு முன் மூன்று மணிக்கெல்லாம் கொட்டகைக்குள் கொண்டுவந்தார்கள். இவ்வளவு பொறுமை எதற்கு என்று கேட்டேன். “ஈரத்தோட மூடினா, துருவுக்கு நாமளே வீடு கட்டிக் குடுத்த மாதிரி சார்” என்றார் மாஸ்டர்.

பழைய தார்ப்பூச்சை முழுதும் சுரண்டிய பின், ஓட்டை விழுந்த அவுட்ரிக்கரை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத்தகடு வைத்து வெல்டிங் செய்தார்கள். மேலே பட்டி என்னும் நிரப்புப் பசையைப் பூசி மறைத்துவிடலாம் என்ற பேச்சே எழவில்லை. சுமை தாங்கும் இடத்தில் பட்டி வைப்பது ஆபத்து என்பதை நான் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். மற்ற இடங்களில் கம்பிப் பிரஷால் தளர்ந்த துருவை நீக்கிவிட்டு, குழிகளில் மிஞ்சியதன்மேல் டானிக் அமிலம் கலந்த துருமாற்றித் திரவத்தைத் தடவினார்கள். பழுப்பாக இருந்த இடம் சிறிது நேரத்தில் நீலம் பாய்ந்த கறுப்பாக மாறியது. துருவிலுள்ள இரும்பு டானினோடு சேர்ந்து, எளிதில் கரையாத கரும்பொருளாகிறது. இரும்புச் சட்டியில் தேயிலைச் சாறு பட்டுக் கறுத்துப்போவதைக் கண்ட மலைக்காரர்களுக்கு இந்த நிறமாற்றம் புதிதாகத் தோன்றாது. நீலகிரியில் வளர்த்த சீகை (வாட்டில்) மரங்களின் பட்டையிலுள்ள டானினும் தோல் பதனிடப் பயன்பட்டதுதான். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: இந்தத் திரவம் மெல்லிய படலமாக இருக்கும் துருவைத்தான் மாற்றும், செதிலாக உரியும் துருவின்மேல் தடவினால் மேல்தோல் கறுக்கும், அடியில் அரிப்பு தொடரும்.

அதற்குமேல் துத்தநாகம் மிகுந்த பிரைமரும் வண்ணமும். வெறும் ரெட் ஆக்சைடு பிரைமரை அடித்து அப்படியே விட்டுவிடும் வழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. மேலே வண்ணம் இல்லாத பிரைமர் ஈரத்தை உள்ளே விடும் என்பதால் அது காப்பாகாது.

கடைசியாக மெழுகு. சேசிஸ் குழாய், கதவுகளின் உட்புறம், பானட்டின் மடிப்புகள் ஆகியவற்றுக்குள் நீண்ட குழல்முனை வழியாக மெழுகுக் கரைசலைப் பீச்சினார்கள். ஆட்டு ரோமக் கொழுப்பான லானோலின் கலந்த இக்கரைசல், இறுகி வெடிக்காமல் பிசுபிசுப்பாகவே இருந்து, தகடுகளின் இணைப்புக்குள் தானே ஊர்ந்து செல்லும். கல் பட்டுக் கீறினாலும் சிறு கீறலை ஓரளவு தானே மூடிக்கொள்ளும். பீச்சி முடித்ததும் அதே ஈர்க்குச்சியால் வடிதுளைகளை மறுபடி திறந்துவிட்டதைக் கண்டு மனம் நிறைந்தது. பழைய எஞ்சின் ஆயிலை அடியில் பீச்சும் லாரிக்காரர் வழக்கம் மலிவானதுதான். ஆனால் அது ரப்பர் புஷ்களை ஊதச் செய்து கெடுக்கும், எரிந்த ஆயிலில் அமிலமும் சேர்ந்திருக்கும். மழையில் கழுவப்பட்டால் மலைச்சரிவில் அது போய்ச் சேரும் இடம் யாரோ குடிக்கும் ஓடை. மாஸ்டர் அந்த வேலையைக் கேட்டு வருபவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்.

மெருகேற்றும் வேலையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். என் வண்டியின் வெளிர்நீலம், மேலே கிளியர் கோட் என்னும் நிறமற்ற காப்புப் படலம் இல்லாத ஒற்றை வண்ணம். தேய்க்கும் துணியில் நீலம் ஏறியதைப் பார்த்துப் பதறினேன். இத்தகைய வண்ணத்தில் வெளிறிப்போன மேற்படலம் அப்படித்தான் வரும் என்று விளக்கினார்கள். விளிம்புகளையும் மடிப்புக் கோடுகளையும் டேப் ஒட்டி மறைத்து, இயந்திரத்தைப் பரந்த இடங்களில் மட்டும் மெதுவான வேகத்தில் ஓட்டி, மற்றவற்றைக் கையால் தேய்த்தார்கள். மேலே கார்னாபா மெழுகு. பிரேசில் நாட்டுப் பனைவகை ஒன்றின் ஓலையிலிருந்து கிடைக்கும் இம்மெழுகு சில மாதங்களே தாங்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். கண்ணாடிபோல் ஆகவில்லை, ஐம்பது ஆண்டு வண்டிக்கு ஏற்ற ஆழ்ந்த மினுக்கம் வந்தது. இதற்குமேல் தேய்த்தால் வண்ணமே மிஞ்சாது என்று நிறுத்தியது சரியான முடிவு.

குறைகளும் உண்டு. முன் பம்பரின் குரோமியப் பூச்சைச் சற்று முரட்டு மெருகுப் பசையால் தேய்த்ததில் மெல்லிய கீறல்கள் விழுந்துவிட்டன. சாய்ந்த வெயிலில் அவை தெரிகின்றன. குரோமியத்தின் மேலோட்டமான துருவை, அதைவிட மென்மையான அலுமினியத் தாளை நீரில் நனைத்துத் தேய்த்தே எடுத்திருக்கலாம். ஒன்பது நாள் என்று சொன்ன வேலை பதின்மூன்று நாளாயிற்று. வெயில் இல்லாத நாள்களில் அவர்கள் பூசமாட்டார்கள் என்பது புரிந்தாலும், தகவல் சொல்லியிருக்க வேண்டும். என்ன பூசினார்கள், எங்கே பூசினார்கள் என்பதற்கு எழுத்தில் எதுவும் தருவதில்லை. நானே படம் எடுத்து வைத்துக்கொண்டேன். உள்மெழுகின் வாடை மூன்று வாரம் போகவில்லை, வீட்டுக் கொட்டகைத் தரையிலும் சொட்டுக்கறை இருக்கிறது.

டிசம்பர் சோதனையில் கண்டவை இவை. சேசிஸின் துளை வழியே விளக்கடித்துப் பார்த்தபோது உள்ளே மெழுகுப் படலம் ஈரமின்றி முழுதாக இருந்தது. புது அவுட்ரிக்கரின் வெல்டிங் ஓரத்தில் ஒரு துளிப் பழுப்பும் இல்லை. கதவுத் துளைகள் அனைத்தும் திறந்தே இருந்தன. பின்பக்க இடது சக்கர வளைவில் மட்டும், சக்கரம் வாரியடித்த சரளை மெழுகை உள்ளங்கை அகலத்துக்குத் துடைத்துவிட்டிருந்தது. வலது ஹெட்லைட்டின் கீழ் வண்ணம் மிளகளவு புடைத்திருக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால், அடியில் அது பிறந்ததற்கு இதுவே முதல் அடையாளம். அந்த இடத்தைப் பிப்ரவரியிலும் அவர்கள் பார்த்தார்கள், மேலாகத் தேய்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். மாஸ்டரிடம் காட்டினேன்; மறுப்புச் சொல்லாமல், கட்டணமின்றிச் செய்து தருவதாக ஏற்றுக்கொண்டார்.

வெல்டிங் உட்பட நான் கொடுத்தது 31,000 ரூபாய். அதில் மெருகுக்கு 6,500. பணம் அளவாக இருந்தால் மெருகை விட்டுவிட்டு அடிவேலையை மட்டும் செய்துகொள்ளுங்கள், அதற்கும் அவர்கள் முகம் சுளிப்பதில்லை. அம்பாசிடரோ பத்மினியோ வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் அவசரம். அவற்றில் கதவுகளுக்கு அடியிலுள்ள படிப் பகுதி அரித்தால் வண்டியின் வலுவே போய்விடும். குரோமிய வேலையை மட்டும் வேறிடத்தில் கொடுப்பது நல்லது. மழை மாதங்களில் அடிப்பூச்சு வேலையை அவர்கள் எடுப்பதில்லை என்பதால், ஜனவரி முதல் மார்ச் வரை உள்ள உலர்ந்த வாரங்களுக்கு இப்போதே சொல்லி வைக்க வேண்டும். வண்டி வீடு திரும்பியதும் தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள். பருத்தி உறை போட்டு, கொட்டகைக்குள் கண்ணாடிகளை ஒரு விரல் அளவு இறக்கி வையுங்கள். நான் பிப்ரவரி இரண்டாம் வாரத்துக்குச் சொல்லியிருக்கிறேன்: சக்கர வளைவுக்கு மறுமெழுகு, ஹெட்லைட்டின் கீழ் அந்தப் புடைப்பு, அவ்வளவுதான்.