பேதிக்கு எது: பாக்கெட்டா, கஞ்சியா, இளநீரா?

எங்கள் வீட்டில் யாருக்காவது பேதி என்றால் மூன்று கட்சி உருவாகிவிடும். அம்மா உப்புக் கஞ்சி வைப்பார். பக்கத்து வீட்டு மாமா இளநீரோடு வருவார். நான் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி) வாங்க மெடிக்கல் ஷாப்புக்கு ஓடுவேன். போன கோடையில் பையனுக்குக் காலையிலிருந்து ஐந்தாறு முறை போனபோது மூன்றுமே மேஜைக்கு வந்து சேர்ந்தன.

பேதியில் ஆளைச் சாய்ப்பது தண்ணீரோடு சேர்ந்து போகும் உப்பு. வெறும் தண்ணீரால் அதை ஈடுகட்ட முடியாது. சிறுகுடலில் உப்பிலுள்ள சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாக உள்ளே போகும். தண்ணீர் அவற்றின் பின்னாலேயே போகும். பேதி நேரத்திலும் இந்த வாசல் பெரும்பாலும் திறந்தே இருக்கிறது. ஆனால் சர்க்கரை அளவுக்கு மிஞ்சினால் அது உடம்பிலிருக்கும் தண்ணீரையும் குடலுக்குள் இழுத்து, பேதியைக் கூட்டிவிடும். ஆக, எதைக் குடிக்கிறோம் என்பதைவிட அதில் எது எவ்வளவு என்பதுதான் பேச்சு.

இந்தக் கணக்கில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அடிக்க ஆள் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2002ஆம் ஆண்டு அளவுப்படி ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். 1971இல் வங்கதேசப் போர் அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனபோது டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இதே வழியில் உப்பும் குளுக்கோஸும் கரைத்து டிரம்மில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களையே ஊற்றிக் கொடுக்கச் சொன்னார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது.

பாக்கெட்டில் சொதப்புவது நாம்தான். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரே டம்ளரில் கொட்டிக் கலக்கினால் உப்பு நாலைந்து மடங்காகிவிடும். குழந்தைக்கு அது ஆபத்து. 200 மில்லிக்கான சிறிய பாக்கெட்டும் உண்டு, உறையைப் படித்துவிட்டுக் கரையுங்கள். கரைத்தது 24 மணி நேரத்துக்குத்தான்.

அதே கடையில், அதே அலமாரியில், ஆரஞ்சு சுவையில் டெட்ரா பேக் பானங்களும் இருக்கும். நானும் ஒருமுறை அதுதான் மருந்து என்று வாங்கி ஏமாந்திருக்கிறேன். உறையில் 100 மில்லிக்கு எவ்வளவு சர்க்கரை என்று பாருங்கள். சரியான கரைசலில் 1.35 கிராம்தான். பத்தை ஒட்டி இருந்தால் அது ஜூஸ். இப்படிப்பட்ட பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. குளுக்கோஸ் பவுடரும் ஏறக்குறைய வெறும் சர்க்கரைதான்.

இளநீரில் பொட்டாசியம் தாராளம், சோடியம் குறைவு. பேதியில் அதிகம் போவது சோடியம். அதனால் இளநீரைக் கூடவே குடிக்கலாம், அதையே நம்பி உட்கார முடியாது. மாமாவிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அம்மாவின் கஞ்சியை நான் குறைத்து எடைபோட்டிருந்தேன். அரிசி மாவுச்சத்து குடலில் மெல்ல மெல்லக் குளுக்கோஸாக மாறுவதால் சர்க்கரை ஒரேயடியாகச் சேராது. அரிசிமாவில் செய்த ஓ.ஆர்.எஸ். காலராவில் பேதியின் அளவைக் குறைத்தது ஆய்வுகளிலேயே இருக்கிறது. உப்பு போட்ட நீர்த்த கஞ்சிக்கு இரண்டாம் இடம் தாராளமாகக் கொடுக்கலாம். இரவு பதினொரு மணி, கடை பூட்டியிருக்கிறது, அரிசியும் வேகவில்லை என்றால்? கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தலைதட்டி அளக்க வேண்டும். கண்ணளவில் போட்டால் உப்பு கூடிவிடும்.

இரண்டு வயதுக்குள் என்றால் ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி கரைசல்; பெரிய குழந்தைக்கு 100 முதல் 200. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாக. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். மலத்தில் ரத்தம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, கண் குழிந்து குழந்தை துவண்டு கிடக்கிறது, குடித்ததெல்லாம் வாந்தி, இதில் எது வந்தாலும் வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

அன்றைக்குப் பையன் பாக்கெட் கரைசலைக் குடித்தான், சாயங்காலம் கஞ்சி. இளநீரை நான் குடித்தேன்.